முன்தேர்வுக்கு இருபது, பின்தேர்வுக்கு இரண்டு

அக்கா, இவனைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா? யாரிடமும் போவான், அழமாட்டான். காலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்க, முன் சீட்டை உதைப்பான். பெயர் பரிதி. போன வாரம்தான் ஒன்றேகால் வயது முடிந்தது. அங்கன்வாடி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே இருக்கிறது, இவனை அங்கே விட்டுவிட்டு நான் மணி அடிப்பதற்குள் உள்ளே போய்விடுவேன். உங்கள் பக்கத்தில் இருப்பவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறாராம். நல்லதாய்ப் போயிற்று. நீங்க கடைசி நிறுத்தம்தானே? அப்படியென்றால் முக்கால் மணி நேரம் நாம் சேர்ந்தே போகலாம்.

அப்பாடா, இடம் கிடைத்தது. இவன் உங்களிடமே இருக்கட்டும், உங்கள் வளையல் பிடித்துப்போய்விட்டது அவனுக்கு.

டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டைப் பாருங்க அக்கா. ஜன்னல் ஓரம், வெள்ளைச் சட்டை, தலையில் முன்பக்கம் மட்டும் முடி கொட்டியவர். மடியில் சாப்பாட்டுப் பை. அவர் இந்தப் பேருந்தில் ஏறி இன்றோடு பத்தொன்பது நாள். நான் எண்ணிக்கொண்டே வருகிறேன். ஏன் எண்ணக்கூடாது? அவரை இந்தப் பேருந்தில் ஏற்றியதே நான்தான். கையைப் பிடித்து ஏற்றவில்லை. ஒரு பரீட்சை எழுதி ஏற்றினேன்.

மெதுவாகப் பேச வேண்டியதில்லை. இந்த வண்டி போடுகிற சத்தத்தில் நம் பேச்சு நமக்கே கேட்டால் பெரிது. கேட்டாலும் கேட்கட்டும்.

அவர் பெயர் ஞானதுரை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். கொடுக்கிறவராக இருந்தார். நான் மேலக்கரிசல் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருப்பது போல டீச்சர்களுக்கும் ஒன்று உண்டு அக்கா, வட்டார வள மையம் என்று பெயர். வருடத்துக்கு இரண்டு தடவை எங்களை அங்கே கூப்பிட்டு உட்காரவைத்து, அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சொல்லிக்கொடுப்பார்கள். முப்பத்தெட்டுப் பேர் போவோம். காலையில் ஒரு கையெழுத்து, மாலையில் ஒரு கையெழுத்து, நடுவில் இரண்டு டீ. பதினொரு மணிக்குக் கை தட்டி, பறவை மாதிரி கையை விரித்து ஒரு பாட்டு. அதற்கு உற்சாகமூட்டல் என்று பெயர். அறுபது வயதை நெருங்குகிறவர்களும் பறக்க வேண்டும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் போனதும் முன்தேர்வு என்று இருபது கேள்வி கொடுப்பார்கள். சாயங்காலம் கிளம்பும்போது அதே இருபது கேள்வியைப் பின்தேர்வு என்று திரும்பக் கொடுப்பார்கள். வந்தபோது எவ்வளவு தெரியும், போகும்போது எவ்வளவு தெரியும் என்று பார்க்கத்தான். அதனால் காலையிலேயே பயிற்சி கொடுக்கிறவர் சொல்லிவிடுவார், "எல்லாரும் எட்டுக்கு மேல போடாதீங்க, சாயங்காலம் வளர்ச்சி காட்டணும்." சரி என்று எட்டு போடுவோம். சாயங்காலம் அவரே விடையை வாசிப்பார், பத்தொன்பது இருபது எடுப்போம். மாவட்டத்துக்கு அறிக்கை போகும். எட்டாக இருந்தது இருபதாகிவிட்டது என்று அவர்களுக்கும் சந்தோஷம், நேரத்துக்குப் பேருந்தைப் பிடித்ததில் எங்களுக்கும் சந்தோஷம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? எனக்கும் அந்த வழக்கத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை.

குறை போன ஆடியில் வந்தது.

இவனுக்கு அப்போது ஏழு மாதம். பாலுக்கு அழுகிற பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? தூக்கிக்கொண்டே போனேன். மையத்தில் பழைய பொருள் போட்டுவைக்கும் அறை ஒன்று, அந்த ஜன்னல் கம்பியில் என் புடவையால் தொட்டில் கட்டித் தூங்கவைத்தேன். பத்தரை மணிக்கு எழுந்து அழுதான். பிள்ளை என்றால் அழும். நான் எழுந்து ஓடுகிறேன், இந்த ஞானதுரை சார் பேச்சை நிறுத்திவிட்டு, "டீச்சர், இது வள மையம். பால்வாடி அடுத்த தெருவுல இருக்கு" என்றார். முப்பத்தேழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எப்போதும் சிரிக்கிற ஆள்தான், எங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்க. அதை விட்டுவிட்டேன்.

டீக்குப் பிறகு ஒவ்வொருத்தரும் ஒரு சோதனை செய்து காட்ட வேண்டும். நான் மெழுகுவர்த்திச் சோதனை செய்தேன். நீங்களும் எட்டாம் வகுப்பில் பார்த்திருப்பீங்க. தட்டில் தண்ணீர், நடுவில் எரிகிற மெழுகுவர்த்தி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். திரி அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். பார்க்க அழகாக இருக்கும். நான் தண்ணீரில் குங்குமம் கரைத்து வைத்திருந்தேன், பின் வரிசைக்கும் தெரியட்டும் என்று. ஏறியதும் சொன்னேன், "காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிஞ்சு தீர்ந்துபோச்சு. அந்த இடத்துக்குத் தண்ணி ஏறிடுச்சு." எனக்கு இதே மேலக்கரிசல் பள்ளியில் சொல்லிக்கொடுத்த டீச்சரும் அப்படித்தான் சொன்னார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஞானதுரை சார் கிட்டே வந்தார். "எரிஞ்சு தீர்றதாலதான் ஏறுதுன்னா, எரிய எரியத்தானே டீச்சர் ஏறணும்? எப்ப ஏறிச்சு?"

"இப்பத்தான் சார், எல்லாரும் பாத்தாங்களே."

"இன்னொரு தடவை பாப்போம்" என்று அவரே பற்றவைத்துக் கவிழ்த்தார். திரி எரிந்துகொண்டிருந்தது, தண்ணீர் அப்படியே இருந்தது. ஓரத்தில் இரண்டு குமிழி வந்தது. திரி அணைந்தது. அதற்குப் பிறகு விறுவிறுவென்று ஏறியது. எல்லாரும் பார்த்தார்கள். நான் என்ன செய்ய?

"எத்தனை வருசமா இதைச் சொல்லிக்குடுக்கிறீங்க டீச்சர்?"

"ஏழு வருசம் சார்."

"வருசத்துக்கு எத்தனை பிள்ளைங்க?"

"எண்பது."

கரும்பலகையில் எழுதினார் அக்கா. ஏழு பெருக்கல் எண்பது. ஐந்நூற்று அறுபது. அதைச் சுற்றி ஒரு வட்டம். "ஐந்நூத்தி அறுபது பேரு. வீடு வீடாப் போயி மாத்திச் சொல்லணும்னா எத்தனை நாள் ஆகும், கணக்குப் போடுங்க பாப்போம்" என்றார். அன்று விழுந்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த என் பிள்ளை மறுபடி எழுந்துவிட்டான்.

அதன் பிறகு அவர் விளக்கம் சொன்னார். சூட்டில் காற்று விரிந்து வெளியே போகிறது, திரி அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று ஆறிச் சுருங்குகிறது, அதனால் தண்ணீர் ஏறுகிறது என்றார். யார் கேட்டது? நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணை அவர் அழிக்கவே இல்லை. சாயங்காலம் வரை அது அங்கேயே இருந்தது, வட்டத்தோடு. ஒருத்தர் அதை போட்டோ பிடித்து டீச்சர்கள் குழுவில் போட்டார். அன்றிலிருந்து எனக்குப் பெயரே மாறிவிட்டது. மாரிச்செல்வி டீச்சர் போய் ஐந்நூத்தறுபது டீச்சர். பேருந்து நிலையத்தில் வைத்து, "என்ன ஐந்நூத்தறுபது, சௌக்கியமா" என்று கேட்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரு சொன்னது சரிதானே செல்வி? சூடானா விரியும், ஆறுனா சுருங்கத்தான செய்யும்" என்றார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை.

நான் சும்மாவும் இருக்கவில்லை. அடுப்படியில் வைத்து நானே செய்து பார்த்தேன். ஒரு மெழுகுவர்த்தி வைத்தால் இரண்டு விரல் ஏறியது. மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் நாலு விரல் ஏறியது. அதே டம்ளர், அதே காற்று, உள்ளே இருக்கிற ஆக்சிஜன் எப்படிக் கூடும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம் பார்த்தால் அந்த டம்ளரின் விளிம்பு ஒரு பக்கம் லேசாக உடைந்திருக்கிறது. என் மாமியார் கொடுத்த டம்ளர். கழுவிக் கவிழ்த்துவிட்டு அந்த வேலையை விட்டுவிட்டேன்.

பள்ளியிலும் அதே நேரம் ஒரு கூத்து. எட்டாம் வகுப்பில் முத்துப்பேச்சி என்று ஒரு பிள்ளை. அம்மா ஆடு மேய்க்கிறவள், இந்தப் பிள்ளை ஒன்றை உற்றுப் பார்த்தால் கண்ணையே எடுக்காது. நான் வழக்கம்போல சோதனை செய்து, வழக்கம்போல விளக்கம் சொல்கிறேன், இது எழுந்து, "டீச்சர், திரி அணைஞ்ச பொறவுதான் தண்ணி ஏறுது. எரியையில ஏறல" என்கிறது. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. "நீதான் எனக்குப் பயிற்சி குடுக்க வந்திருக்கியா? உக்காரு கருத்தாளரம்மா" என்றேன். பயிற்சி கொடுக்கிறவரைக் கருத்தாளர் என்றுதான் சொல்வோம். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கருத்தாளரம்மா, கருத்தாளரம்மா என்றுதான். தண்ணீர் குடிக்கப் போனாலும் "கருத்தாளரம்மாவுக்கு வழி விடுங்கடி." நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுதான். பிள்ளைகள் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாது.

நான் வைத்துக்கொண்டேன். ஆடி போய், ஆவணி போய், தீபாவளி போய், மார்கழியும் முடிந்தது. துணி துவைக்கும்போதும் நினைப்பேன், இவனுக்குச் சோறு ஊட்டும்போதும் நினைப்பேன். முப்பத்தேழு பேர் முன்னால் என்னைக் கவிழ்த்தவரை எத்தனை பேர் முன்னால் கவிழ்ப்பது?

தை மாதப் பயிற்சிக்குத் தேதி வந்தது. கருத்தாளர் அதே ஞானதுரை சார். அன்றைக்குத்தான் எனக்கு வழி தெரிந்தது. அந்த இருபது கேள்வித்தாள் இருக்கிறதே, ஏழு வருடமாக ஒரே தாள். தேதி மட்டும்தான் மாறும். விடைகளை எவரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. மையத்தில் கணினி வேலை பார்க்கிற பெண் திருத்தி, மதிப்பெண்ணை ஏற்றி அனுப்பிவிடுவாள். கருத்தாளர் கீழே கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

அப்படியென்றால் காலையில் எல்லாரும் இருபதுக்கு இருபது எடுத்து, சாயங்காலம் எல்லாரும் இரண்டு எடுத்தால்?

முதலில் கோமதிநாயகம் சாரிடம் சொன்னேன். எங்கள் குழுவில் மூத்தவர், வருகிற மே மாதம் ஓய்வு. அவருக்கு அந்தப் பறவைப் பாட்டு மேல் கோபம். "இந்த இடுப்பை வச்சுக்கிட்டு என்னைப் பறக்கச் சொல்றாம்மா அவன்" என்பார். நான் சொன்னதைக் கேட்டதும் ஐந்து நிமிடம் சிரித்தார். "ஏம்மா, மாட்டிக்கிட்டா?"

"யாரு சார் மாட்டுவா? சாயங்காலம் வேணும்னே தப்பா எழுதினாங்கன்னு அவர் சொன்னா, காலையில வேணும்னே தப்பா எழுதச் சொன்னதும் வெளிய வரும். வாயைத் திறக்க முடியாது."

கோமதிநாயகம் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்கிட்ட நான் எப்பவாவது மரியாதைக் குறைவாப் பேசியிருந்தா மன்னிச்சுக்கோம்மா" என்றார்.

மற்றவர்களைச் சேர்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு புண் இருந்தது. பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்காக வாசலில் நின்றவர் ஒருத்தர். மத்தியானம் கண் அசந்தபோது அவர் போட்டோ பிடித்துக் குழுவில் போட்டது இன்னொரு டீச்சரை. இரண்டு கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டு போனேன், ஆளுக்கு ஒரு பொட்டலம், பொட்டலத்துக்குள் ஒரு துண்டுச்சீட்டு. சீட்டில் இருபது விடை.

காலையில் ஞானதுரை சார் வழக்கம்போல, "எட்டுக்கு மேல போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போன் பேச வெளியே போனார். முப்பத்தெட்டுப் பேரும் இருபது போட்டோம். தாள்களை வாங்கி, எண்ணி, உறையில் போட்டு ஒட்டிவிட்டார். திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தப்பித்திருப்பார். சாயங்காலம் விடை வாசித்தார். அவர் 'ஆ' என்றால் நாங்கள் 'இ'. அவர் 'ஈ' என்றால் நாங்கள் 'அ'. கடைசி இரண்டு மட்டும் சரியாகப் போட்டோம், முழுப் பூச்சியம் என்றால் நன்றாக இருக்காது. தாளின் அடியில் பயிற்சியைப் பற்றிய உங்கள் கருத்து என்று ஒரு கோடு இருக்கும். எல்லாரும் "மிகவும் பயனுள்ளது" என்று எழுதுவோம். நான் மட்டும் அங்கே ஒன்றே ஒன்று எழுதினேன். 560. சுற்றி ஒரு வட்டம்.

அந்த ராத்திரி நான் தூங்கிய தூக்கம், பிள்ளை பெற்ற பிறகு அப்படித் தூங்கியதே இல்லை.

இருபது நாள் கழித்து மாவட்டத்தில் ஆய்வுக் கூட்டம். புதிதாக வந்த அதிகாரி, எல்லாவற்றையும் சுவரில் படமாகப் போட்டுப் பார்க்கிறவராம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இரண்டு கட்டம். காலைக்குக் குட்டைக் கட்டம், மாலைக்கு நெட்டைக் கட்டம். எங்கள் வட்டாரம் வந்தது. காலைக்குக் கூரையைத் தொடுகிற கட்டம், மாலைக்குத் தரையோடு ஒரு கோடு. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாராம். "என்ன சார், வரும்போது எல்லாம் தெரிஞ்சவங்க, நீங்க ஒரு நாள் பேசுனதுல மறந்துட்டாங்களா?" அத்தனை வட்டாரத்துக்காரர்களும் சிரித்தார்களாம். இவர் எழுந்து நின்றாராம். நின்றுகொண்டே இருந்தாராம்.

கணினிப் பெண் சொல்லிக் கோமதிநாயகம் சார் எனக்குப் போனில் சொன்னார். நான் நாலு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். "எவ்வளவு நேரம் சார் நின்னாரு?" "அது தெரியாதும்மா." "ஒரு பத்து நிமிசம் இருக்குமா?" "இருக்கும்மா, இருக்கும், போனை வை."

கூட்டத்துக்குப் பிறகு என் தாளை அவர் எடுத்துப் பார்த்திருக்கிறார் அக்கா. எண்ணைப் பார்த்தால் யார் என்று தெரியாமல் இருக்குமா? ஆனாலும் என் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் குட்டும் உடையும், அதனால்தான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

பதினொரு வருடம் கருத்தாளராக இருந்தவரை, போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடு என்று பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். வட்டாரத்தில் அறிவியலுக்கு ஒரே ஒரு காலியிடம். எங்கே சொல்லுங்க? எங்கள் பள்ளியில். எண்பது பிள்ளைகளையும் ஏழு வருடமாக நான் ஒருத்திதான் இழுத்துக்கொண்டிருந்தேன். இப்போது 'ஏ' பிரிவு எனக்கு, 'பி' பிரிவு அவருக்கு. அவர் வீட்டிலிருந்து வள மையம் ஐந்து நிமிட நடை, மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவர். இப்போது இரண்டு பேருந்து, கையில் சாப்பாட்டுப் பை.

இதில் ஒரு சின்னச் சங்கடம், உங்களிடம் மறைப்பானேன். அவரை அனுப்பியது போதாது என்று, எல்லாவற்றையும் மறந்துபோன எங்களுக்கும் மே மாத விடுமுறையில் ஐந்து நாள் சிறப்புப் பயிற்சி போட்டுவிட்டார்கள். முப்பத்தேழு பேரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். கோமதிநாயகம் சார் ஓய்வு பெறுகிற மாதத்தில் ஐந்து நாள் பறக்க வேண்டும். என் போனை அவர் இப்போது எடுப்பதே இல்லை. நானா கூட்டிக்கொண்டு போய்க் கழுத்தைப் பிடித்து எழுதவைத்தேன்? காராச்சேவு மட்டும் இனித்ததா?

முதல் நாள் ஞானதுரை சார் ஆசிரியர் அறைக்குள் வந்து, "வணக்கம் டீச்சர். தம்பி நடக்கிறானா?" என்று கேட்டார். "நடந்தே பால்வாடிக்குப் போறான் சார்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது போதவில்லை. மின்விசிறி ஓடாத வகுப்பறையை அவருக்கு ஒதுக்கும்படி பார்த்துக்கொண்டேன். சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் எல்லாம் அவருக்கு. ஒரு கால் குட்டையான மேசை அவருக்கு. சோதனைப் பெட்டியைக் கொடுக்கும்போது மெழுகுவர்த்தியை எல்லாம் எடுத்துவிட்டுக் கொடுத்தேன். மனுஷன் மேசைக் காலுக்கு அட்டையை மடித்து வைத்தார். மெழுகுவர்த்தியைத் தானே வாங்கி வந்தார். வகுப்பில் வெக்கை என்று பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே ஒரே கூச்சல், சிரிப்பு. நான் பாடம் எடுத்தால் என் பிள்ளைகள் ஜன்னலையே பார்க்கிறார்கள். தலைமையாசிரியையிடம் புகார் சொன்னேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கத்தல டீச்சர், ஒருத்தருக்கொருத்தர் சண்டை போட்டுக் கேள்வி கேக்குதுங்க" என்றார். அதற்குப் பெயர்தான் கத்தல்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான் அக்கா. அவர் தோற்றேன் என்று வாயால் சொல்ல வேண்டும், ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும். போன வெள்ளிக்கிழமை எல்லாரும் இருக்கும்போது கேட்டேவிட்டேன். "சார், பலகையில ஒரு கணக்குப் போட்டீங்களே, அதை இன்னும் அழிக்கலியே."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து நின்று சொன்னார். "அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது டீச்சர். பிள்ளையைச் சொன்னதும் தப்பு, பலகையில எழுதினதும் தப்பு. மன்னிச்சிருங்க. சொன்ன விளக்கம் மட்டும் சரி."

பார்த்தீங்களா, கடைசியில் ஒரு கொக்கி. "அதையும் சேர்த்து வாபஸ் வாங்குங்க சார்" என்றேன்.

"அது என் கையில இல்ல டீச்சர். தண்ணி கையில இருக்கு" என்றார்.

விடலாமா இதை? இரண்டு பிரிவையும் ஒன்றாக உட்காரவைத்தேன், முந்தாநாள். எண்பது பிள்ளைகள், நாலு ஆசிரியர்கள், தலைமையாசிரியை. அவரையும் வந்து பார்க்கச் சொன்னேன். சின்ன டம்ளராக எடுத்துப் போனேன், திரி சட்டென்று அணைந்துவிடும், எது முன்னால் எது பின்னால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அது ஒரு கைப்பக்குவம். கவிழ்த்தேன். அணைந்தது. ஏறியது.

எல்லாரையும் விட்டுவிட்டு என் 'ஏ' பிரிவு முத்துப்பேச்சியை எழுப்பினேன். ஏன் அவளை? அவள் சொன்னால் பேச்சே இல்லை, அவள் கண் அப்படி என்று எல்லாருக்கும் தெரியும். "கருத்தாளரம்மா, எந்திரி. எப்ப ஏறிச்சு, சொல்லு பாப்போம்."

எழுந்தாள். டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் தன் காலைப் பார்த்தாள். பின்னாலிருந்து நாலைந்து பேர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "பயப்படாம சொல்லு" என்றேன்.

"எரியையிலதான் டீச்சர்" என்றாள்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் டீச்சர். எரியையிலதான் ஏறுச்சு."

நான் ஞானதுரை சார் பக்கம் திரும்பினேன். "கேட்டீங்களா சார்? பிள்ளையே சொல்லிட்டா." எண்பது பிள்ளைகளும் கை தட்டினார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை அக்கா. அந்தப் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். மாவட்டக் கூட்டத்தில் நின்றது போலவே நின்றிருப்பார், அதை நான் கண்ணால் பார்க்கவில்லையே என்ற குறையும் தீர்ந்தது. அவ்வளவுதான், தோற்றுவிட்டார். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கேசரி கிண்டினேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார், சும்மாதான் என்றேன்.

எங்கள் பள்ளிக்கூடத்து ஊர் வந்துவிட்டது, அந்தத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது பாருங்க. இவனை இப்படிக் கொடுங்க. வளையலை விடுடா. அழகாக வைத்திருந்தீங்க, நல்லா இருங்க.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை, உங்களிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், நீங்க பிள்ளை குட்டி வளர்த்தவங்க, உங்களுக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் மணி அடித்து எல்லாரும் போன பிறகு இந்த முத்துப்பேச்சி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். நான் ஜெயித்ததில் பாதி அவளால்தானே, பேனா ஒன்று கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். நீட்டினேன், வாங்கவில்லை. 'பி' பிரிவில் அவளுக்குக் கூட்டாளி என்று யாரும் இல்லை, அந்த வகுப்பில் மின்விசிறியும் ஓடாது, அது அவளுக்கும் தெரியும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்:

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. என்னைய 'பி' பிரிவுக்கு மாத்தி விட்டுருங்க டீச்சர்."